நான் விட்ட பன்னெண்டாவது பேரு

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எங்க கம்பெனி கேன்டீன் செவுத்துல என் போட்டோ மாட்டியிருக்காங்க. பல்லைக் காட்டிக்கினு நிக்கிறேன், கையில ஒரு ஃபிளாஸ்க். கீழ 'கண்டுபிடித்துக் கொடுத்தவர்'னு எழுதியிருக்கு. நான் கண்டுபிடிச்சுக் குடுத்தது எதைன்னு கேளுங்க... நானே ஒளிச்சு வெச்சதை!

ஆமா. தெரிஞ்சேதான் பண்ணேன். ஒரு பொண்ணு சொல்றது எங்க யாரு காதுலயும் விழக்கூடாதுன்னு, உக்காந்து, யோசிச்சு, டீ குடிச்சுகினே ஒரு வரி எழுதினேன். நான் எழுதினதுல முதல் தடவையே ஒழுங்கா ஓடின ஒரே வரி அதுதான். கேவலம் பாருங்க, அப்ப எனக்கு அதுல ஒரு பெருமை வேற!

எட்டு மாசம் இதை யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்? நீங்க அந்த கேன்டீன்ல சாப்பிடறவங்க இல்ல. என் தைரியம் அவ்ளோதான்...

எனக்கு வயசு நாப்பத்தேழு. வடக்குப்பட்டுக்காரன். ஒரகடத்துல பிரேக் ஹோஸ் செய்யற கம்பெனியில சிஸ்டம் பாக்குறேன். பிரேக் ஹோஸ்னா, நீங்க பிரேக்கை மிதிச்சா அந்த அழுத்தத்தை சக்கரத்துக்குக் கொண்டு போற ரப்பர் குழாய். ரெண்டு முனையிலயும் இரும்பு மூடி வெச்சு மெஷின்ல இறுக்குவாங்க. இறுக்கம் சரியில்லன்னா மூடி கழண்டுக்கும். ஓடற வண்டியில கழண்டா இன்னா ஆவும்னு நான் சொல்ல வேணாம். நீங்களும் ரோட்டுல போறவங்கதான்.

'சிஸ்டம் பாக்குறேன்'னா பிரிண்டர்ல சிக்கின பேப்பரை உருவறதுலேர்ந்து மேனேஜர் வூட்டுப் பையனுக்கு ப்ராஜெக்ட் பண்ணிக் குடுக்கறது வரைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நாப்பது வயசுக்கு மேல வீடியோ பாத்துக் கத்துகிட்டது. முடி கொட்டற வயசுல கத்துகிட்டா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் என் ப்ரோக்ராமும். அங்கங்க வழுக்கை.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, எங்க சரக்கை வாங்கற வண்டிக் கம்பெனி ஒரு உத்தரவு போட்டுச்சு. ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே தடவையில செய்யற சரக்குக் கட்டும், எப்ப செஞ்சது, யாரு செக் பண்ணது, எல்லாம் பிளாக்செயின்ல ஏறணுமாம்.

பயப்படாதீங்க. சிம்பிள்தான். அது ஒரு ஏடு. ஒரு இடத்துல இல்ல; எங்ககிட்ட ஒரு பிரதி, வாங்கறவங்ககிட்ட ஒண்ணு, எங்களுக்கு ரப்பர் குடுக்கறவங்ககிட்ட ஒண்ணு. எழுதலாம், அழிக்க முடியாது. ஒருத்தன் தன்னோட பிரதியில கைவெச்சா மத்த பிரதிங்க காட்டிக் குடுத்துடும். அந்த ஏட்டுக்குள்ளயே ஒரு ப்ரோக்ராம் குந்திகினு இருக்கும். அதுதான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். எவன் எதை எழுதலாம், எழுதக்கூடாதுன்னு அது பாத்துக்கும்.

எதாவது முக்கியமா நடந்தா அது ஒரு குரல் குடுக்கும். அதுக்குப் பேரு ஈவென்ட். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இன்னான்னா... அது யாரையும் தேடிப் போய் சொல்லாது! ஸ்டேஷன்ல மைக்குல சொல்ற மாதிரி சொல்லிட்டு விட்டுடும். கேக்கறவன் காதை வெச்சுக் கேட்டுக்கணும். ஆனா மைக்குல சொன்னது காத்தோட போயிடும், இது போவாது. யாரு கேட்டாலும் கேக்காட்டியும், சொன்னது சொன்னபடி ஏட்டுல நிக்கும். நம்ம ஆளுங்க யாருக்காவது இந்தக் குணம் உண்டா? எனக்கு இல்ல.

அந்தக் குரலைக் கேக்கற காதை நான்தான் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினேன். லைன்ல ஒரு இன்ஸ்பெக்டர், 'இந்த லாட் சந்தேகமா இருக்கு, நிறுத்து'ன்னு கைமெஷின்ல பட்டனை அழுத்தினா, அது ஹோல்டு. அழுத்தின உடனே ஏட்டுல ஈவென்ட் வரும். என் ப்ரோக்ராம் அதைக் கேக்கும். கேட்டதும் சரக்கு ஏத்தி அனுப்பற டிஸ்பாட்ச்ல செவப்பு லைட்டு எரியும், சங்கு ஊதும், சூப்பர்வைசர் ஸ்கிரீன்ல லாட் நம்பர் வரும். அவரு வந்து அளந்து பாத்து விடுவிக்கற வரைக்கும் அந்தச் சரக்கு லாரி ஏறாது.

முன்னாலல்லாம் இதுக்கு செவப்பு அட்டை கட்டித் தொங்க விடுவாங்க. "இனிமே அட்டை எதுக்கு? பட்டன் போதும்!"னு மீட்டிங்ல நெஞ்சை நிமித்திகினு சொன்னது யாரு? வேற யாரு...

புது சிஸ்டத்துக்கு எல்லாருக்கும் க்ளாஸ் எடுத்தேன். எனக்கு மைக்கு கெடச்சா போதும். "இந்த ஏடு என் பொண்டாட்டி ஞாபகம் மாதிரி, எதையும் அழிக்கவே முடியாது!"ன்னேன். ஹாலே சிரிச்சுது. மூணாவது வரிசையில ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல. நோட்டுல எழுதிக்கினு இருந்துது.

அதுதான் இசக்கியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில ஒரு ரூமுல அஞ்சு பேரோட தங்கிகினு, கான்ட்ராக்ட்ல இன்ஸ்பெக்டரா வந்த பொண்ணு. கையைத் தூக்குச்சு.

"சார், நாங்க ஹோல்டு போடுத நேரத்துல உங்க ப்ரோக்ராம் தூங்கிட்டுன்னா?"

"அது உன்ன மாதிரி டபுள் ஷிப்ட் பாக்காதும்மா, தூங்காது!"

மறுபடியும் சிரிப்பு. அது விடல.

"தூங்கிட்டுன்னு வைங்க சார். அப்பம் நான் போட்டது என்னாகும்?"

"ஏட்டுல இருக்கும்மா. பின்னால போய்க்கூட தேடி எடுக்கலாம்."

"அது போதும் சார்"னு சொல்லிட்டு எழுதிகிச்சு. அம்பது பேருக்கு மேல இருந்த ஹால்ல, நான் சொன்ன ஜோக்கைக் கேட்டவங்க எல்லாரும். நான் சொன்ன விஷயத்தைக் கேட்டது அது ஒண்ணுதான்.

அப்பறம் ஆரம்பிச்சுது ஹோல்டு. மத்தவங்க வாரத்துக்கு ஒண்ணு போட்டா அதிகம். இசக்கி ஒரே வாரத்துல ஒம்பது! ஒவ்வொரு தடவையும் சங்கு ஊதும், லோடிங் நிக்கும். சூப்பர்வைசர் மூச்சு வாங்கிகினு ஓடி வருவாரு, கேஜ்னு ஒரு அளவுக்கருவியை வெச்சு அளப்பாரு. "அளவுக்குள்ளதான் இருக்கு"ன்னு விட்டுடுவாரு. ஒம்பதுல எட்டு அப்படித்தான்.

டிஸ்பாட்ச் இன்சார்ஜ் பாஸ்கர் என் தோஸ்து. ஒரே ஊரு. அவன் நேரா என் ரூமுக்கு வந்துட்டான்.

"யோவ் மாமா, இன்னா சங்குயா வெச்சுகீற? பொழுதினிக்கும் ஊதிகினே கீது! டிரைவருங்க என்ன அசிங்கமா கேக்கறானுங்கோ."

"நான் இன்னாடா பண்றது? அந்தப் பொண்ணு அமுக்குது, அது ஊதுது."

"அதும் சவுண்டை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணேன்!"

சிரிச்சுகினேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். கேன்டீன்ல நாங்க ரெண்டு பேரும் அந்தப் பொண்ணுக்குப் பேரே வெச்சிருந்தோம்... 'ஹோல்டு ராணி'. வெச்சது நான். எல்லாரும் புடிச்சுகிட்டாங்க. அது தட்டைத் தூக்கிகினு போகும்போது எவனாவது வாயால சங்கு ஊதுவான். அது திரும்பிக்கூடப் பாக்காது.

இங்க ஒண்ணை ஒத்துக்கணும். பாஸ்கர் சொன்னதால மட்டும்தான் செஞ்சேனா? இல்ல. அதுக்கு ஒரு வாரம் முன்னால, எல்லாரும் நிக்கும்போது அது எங்கிட்ட வந்து, "சார், உங்க ஸ்கிரீன்ல மணி நாலு நிமிசம் பிந்திக் காட்டுது"ன்னுச்சு. பாத்தேன். நாலு நிமிஷம் பின்னாலதான் இருந்துது! "என் வயசுக்கு நாலு நிமிஷம்தான் லேட்டு, சந்தோஷப்படு"ன்னு ஜோக்கடிச்சு சமாளிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா எனக்கு உள்ள சுருக்குனு இருந்துது. இந்தச் சின்ன விஷயத்துக்கா? நாப்பத்தேழு வயசு ஆம்பளைக்கு இதுவா ஒரு காயம்? ஆமா... இதுதான். நம்பினா நம்புங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீ டைம். அந்த வரியை எழுதினேன்.

ஈவென்ட்டைக் கேக்கும்போது ஃபில்டர் போடலாம். எல்லாக் குரலும் வேணாம், இன்னின்ன ஆளு குடுக்கற குரல் மட்டும் போதும்னு சொல்லலாம். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஏட்டுல ஒரு நீட்டு நம்பர் உண்டு, அதுதான் அங்க அவங்க பேரு. ஆனா இந்த ஃபில்டர்ல ஒரு குணம் இருக்கு. 'இவங்க வேணும்'னு கேக்கலாம். 'இவங்க வேணாம்'னு சொல்ல அதுல வழி இல்ல.

மொத்தம் பன்னெண்டு இன்ஸ்பெக்டர். வேணும்ங்கற பேரை வரிசையா எழுதினேன். பதினோரு பேரு. நிறுத்திட்டேன்.

எவ்ளோ சுத்தமான வேலை பாருங்க! இசக்கியை நான் ஒதுக்கிட்டேன்னு யாராலயும் சொல்ல முடியாது. அது பேரை நான் எங்கயும் எழுதவே இல்லையே! எழுதாம விட்டதை எவன் வந்து படிப்பான்?

'ரெண்டு நாளைக்குத்தான், மாசக் கடைசி லோடு போவட்டும், அப்பறம் எடுத்துடலாம்'னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். பாஸ்கர்கிட்டகூட இன்னா பண்ணேன்னு சொல்லல. "சரி பண்ணிட்டேன்டா"ன்னேன். "தெய்வமே"ன்னு கும்பிட்டான்.

செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு பத்துக்கு இசக்கி ஒரு லாட்டை நிறுத்திச்சு. அதோட கைமெஷின்ல 'பதிவாயிடுச்சு'ன்னு பச்சை டிக்கு வந்துது. ஏன்னா ஏட்டுல நெஜமாவே பதிவாயிடுச்சு. ஈவென்ட்டும் வந்துது. கான்ட்ராக்ட் தன் வேலையை செஞ்சுது. ஏடு தன் வேலையை செஞ்சுது. அந்தப் பொண்ணு தன் வேலையை செஞ்சுது. அந்த வரிசையில வேலை செய்யாம நின்னது என் காது மட்டும்தான்.

லைன் இருக்கற ஷெட்டு வேற, சங்கு இருக்கற ஷெட்டு வேற. சங்கு ஊதலன்னு அதுக்குத் தெரிய வழி இல்ல. செவப்பு அட்டையும் இல்ல. சூப்பர்வைசர் ஸ்கிரீன் காலி. நாலு மணி லாரியில சரக்கு ஏறிடுச்சு.

மறுநாள் காலையில வண்டிக் கம்பெனியிலேர்ந்து போன். எங்க ஹோஸை மாட்டி அழுத்தம் குடுத்துப் பாக்கும்போது மூடி புடுங்கிகினு வந்துடுச்சாம். ரோட்டுக்குப் போவல, யாருக்கும் அடி இல்ல... ஆனா அவங்க லைனு நின்னுபோச்சு. எங்க குவாலிட்டி மேனேஜர் சந்தானம் சார் மீட்டிங் ரூமுல எல்லாரையும் கூப்ட்டாரு. அவரு கோவப்பட மாட்டாரு. மெதுவா பேசுவாரு. அதுதான் பயம்.

"இந்த லாட்டைப் பாத்தது யாரு?"

"நான்தான் சார்"னு எழுந்துச்சு இசக்கி.

"ஏம்மா நிறுத்தல?"

"நிறுத்துனேன் சார். ரெண்டு மணி பத்துக்குப் போட்டேன்."

சூப்பர்வைசர் ஸ்கிரீனைக் காட்டினாரு. செவ்வாக்கிழமை, இசக்கி பேருல ஒண்ணுமே இல்ல. பக்கத்துல கான்ட்ராக்ட் ஏஜென்சிக்காரன் நின்னுகினு இருந்தான். "மாசத்துக்கு முப்பது போடும் சார், போட வேண்டியப்ப போடல. எப்படியும் அதோட கான்ட்ராக்ட் இந்த வாரத்தோட முடியுது. நாளையிலேர்ந்து வேற ஆளு அனுப்பறேன்"ன்னான். சட்டையை மாத்தற மாதிரி சொன்னான்.

ரூமுல நான் ஒருத்தன்தான் உண்மை தெரிஞ்சவன். வாயைத் தொறந்தா ஒரு வாக்கியம். 'சார், அது போட்டுச்சு, நான்தான் கேக்காம பண்ணிட்டேன்.' அவ்ளோதான்! எப்பப் பாத்தாலும் வாய் ஓயாத என் நாக்கு... மேல அண்ணத்துல போய் ஒட்டிகிச்சு.

இசக்கி அழல. என்னைப் பாத்துச்சு.

"சார், அந்த ஏட்டுல எழுதுனத அழிக்க முடியாதுன்னு நீங்கதான க்ளாஸ்ல சொன்னிய? பின்னால போயித் தேடலாம்னும் சொன்னிய. தேடிப் பாருங்க."

இப்ப யோசிச்சாலும் எனக்கு ஆச்சரியமா இருக்கு. எதிர்ல இத்தனை பேரு, ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல, வேலை போவப்போவுது. நானா இருந்தா, 'ஒருவேளை அமுக்க மறந்துட்டேனோ'ன்னு என்னையே சந்தேகப்பட்டிருப்பேன். அதுக்கு அந்தச் சந்தேகமே வரல. ஏன்னா அது அமுக்கிச்சு. அமுக்கினா அங்க இருக்கும். அவ்ளோதான் அதோட கணக்கு. பிளாக்செயினை நான் சொல்லிக் குடுத்தேன், புரிஞ்சுகிட்டது அது.

சந்தானம் சார் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாரு. "தேடுங்க."

பழைய ஈவென்ட்டை எல்லாம் ஏட்டுலேர்ந்து மொத்தமா கேக்க ஒரு வழி இருக்கு. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் வரைக்கும்னு சொல்லி, ஃபில்டர் போட்டு வாங்கலாம். டைப் பண்ணேன். இந்தத் தடவை ஃபில்டர்ல ஒரே ஒரு பேரு. இசக்கி பேரு.

பெரிய ஸ்கிரீன்ல வர ஆரம்பிச்சுது பாருங்க... அது போட்ட மொத ஹோல்டுலேர்ந்து நேத்து வரைக்கும், ஒண்ணு பின்னால ஒண்ணு, அறுபத்தி சொச்சம் வரி! கடைசி வரி: செவ்வாக்கிழமை, ரெண்டு பத்து, அதே லாட் நம்பர். காரணம்னு ஒரு இடம் உண்டு. மத்தவங்க அதுல ரெண்டே எழுத்து தட்டிட்டுப் போயிடுவாங்க. இசக்கி எழுதியிருந்துது: "கேஜ்ல அளவு சரியாத்தான் காட்டுது. ஆனா மூடியத் திருகுனா அசையுது. மூணாம் மெஷின். அனுப்பாதீங்க."



சந்தானம் சார், "மேல போங்க"ன்னாரு. மேல போனேன். ஒவ்வொண்ணா அவரே சத்தமா படிச்சாரு. "மூணாம் மெஷின், சாப்பாட்டுக்குப் பொறவு உள்ளது மட்டும்." "மூணாம் மெஷின், நகத்த வச்சு இழுத்தா ஓரத்துல தடுக்குது, காலையில உள்ளதுல இல்ல." "கேஜ் தேஞ்சிருக்கோ? வேற கேஜ்ல பாக்கணும்." அது ரெண்டு மாசத்துக்கு முன்னால எழுதினது!

நாங்க அளந்து அளந்து 'சரியாத்தான் இருக்கு'ன்னு விட்ட கேஜே தேஞ்சு போயிருந்துது. சாயங்காலமே வேற கேஜை வெச்சுப் பாத்துட்டாங்க. மூணாம் மெஷினோட அச்சு, சூடு ஏற ஏற லேசா விரிஞ்சுகினு இருந்துது. அளவுக்கருவி சொல்லாததை ஒரு பொண்ணோட கட்டைவிரல் சொல்லிச்சு. அது அந்த விரலை நம்பி, விடாம, சலிக்காம, நாங்க வாயால சங்கு ஊதி கிண்டல் பண்ணும்போதும், அறுபது தடவைக்கு மேல எழுதி வெச்சுது. அதை யாரு படிச்சோம்? என் ப்ரோக்ராம் லாட் நம்பரை மட்டும் எடுத்துக்கும், காரணத்தை எடுக்காது. 'எடம் அடைக்கும்'னு நான்தான் விட்டுட்டேன்.

எனக்கு அப்ப தோணிச்சு... இத்தனை நாளு நான் காதுன்னு நெனச்சுகினு இருந்தது காதே இல்ல. இந்தப் பொண்ணுதான் காது. மெஷின் சொல்றதைக் கேக்குது, இரும்பு சொல்றதைக் கேக்குது, க்ளாஸ்ல ஒரு கோமாளி உளறினதுல தேவையானதை மட்டும் வடிகட்டி எடுத்துக்குது. ஃபில்டர்னா இது! நான் எழுதினதும் ஒரு ஃபில்டரா?

சரி. அதுவரைக்கும்கூட எனக்கு நேரம் இருந்துது. சந்தானம் சார் என் பக்கம் திரும்பி கேட்டாரு.

"ஏட்டுல இருக்கு. அப்ப நம்ம ஸ்கிரீனுக்கு ஏன் வரல?"

"நெட்வொர்க் சார்..."ன்னேன். "கனெக்‌ஷன் அப்பப்ப அறுந்து அறுந்து வருது. அந்த நேரத்துல வந்த ஈவென்ட்டை விட்டுடும்."

இதுல கொடுமை இன்னான்னா, அது நம்பற மாதிரியான பொய்! கனெக்‌ஷன் அறுந்தா நெஜமாவே அப்படி விட்டுப்போவும். எனக்குத் தெரிஞ்ச கொஞ்ச வித்தையை வெச்சு, அது தெரியாத ஆளுங்ககிட்ட அளந்தேன். எல்லாரும் தலையாட்டினாங்க. சந்தானம் சார், "எடுத்துக் குடுத்தீங்களே, பெரிய விஷயம்"னு தோளைத் தட்டினாரு. ஏஜென்சிக்காரன் வாயை மூடிகிட்டான். இசக்கி வேலை தப்பிச்சுது. மூணு மாசத்துல பர்மனென்ட்டும் ஆயிடுச்சு.

எனக்கு ஃபிளாஸ்க். கைதட்டல். போட்டோ!

ஊருக்குப் போயிட்டு வந்த இசக்கி, ஒரு பொட்டலம் காராச்சேவு கொண்டாந்து என் மேஜை மேல வெச்சுது. "எங்கம்மா குடுத்து விட்டா சார். உங்களத்தான் சாமியா கும்புடுதா"ன்னுச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "சாமிக்கு மிக்சர் புடிக்கும்மா, அடுத்த தடவை மாத்திக் கொண்டா"ன்னு ஜோக்கடிச்சேன். அது மொத தடவையா என் ஜோக்குக்கு சிரிச்சுது. அந்தச் சேவை என்னால திங்க முடியல. தூக்கிப் போடவும் முடியல. பாஸ்கர்தான் தின்னான்.

இன்னொண்ணு இருக்கு. இதைச் சொல்லாம விட்டா நான் ஒப்புத்துகினு இருக்கறது பாதிதான். மீட்டிங் முடிஞ்ச கையோட என் ரூமுக்குப் போய் அந்த வரியை சரி பண்ணேன். எப்படி? ஃபில்டரைத் தூக்கிக் கடாசியிருந்தா வேலை முடிஞ்சுது, எல்லார் குரலும் கேக்கும். ஆனா அதைத் தூக்கினா, ப்ரோக்ராம்ல இன்னா மாத்தினேன்னு காட்டற குறிப்புல, அழிச்ச பதினோரு பேரும் வரிசையா கண்ணுல அடிக்கும். 'ஏன்யா பேரு பேரா எழுதின?'ன்னு எவனாவது கேப்பான். அதனால வரிசையை வுட்டுட்டு, சத்தம் போடாம பன்னெண்டாவது பேரை மட்டும் சேத்தேன். பாத்தா, பன்னெண்டு பேருக்கும் நான் ஆசையா பேரு எழுதி வெச்ச மாதிரி இருக்கும்.

அதுக்கப்பறம் அந்தப் பக்கமே நான் போவல. அந்த ஃபைலைத் தொறக்கவே கை வராது.

போன திங்கக்கிழமை இசக்கி என் ரூமுக்கு வந்துது. இப்ப புது இன்ஸ்பெக்டருங்களுக்கு அதுதான் வேலை கத்துத்தருது. கூட ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும். மணிமங்கலத்துக்காரங்க, பேரு ஸ்டெல்லா.

"சார், ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுங்க. நாளையில இருந்து மூணாம் மெஷின் அக்காதான்"ன்னுட்டு, அவங்ககிட்ட திரும்பி, "அக்கா, சார் மட்டும் இல்லன்னா நான் அன்னைக்கே பொட்டியக் கட்டியிருப்பேன். சாருக்குப் பெரிய மனசு"ன்னுச்சு.

அந்தம்மா என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் கான்ட்ராக்ட்ல அவங்களுக்கு ஒரு நம்பரைப் பதிஞ்சு குடுத்தேன். கைமெஷின்ல பட்டனை அமுக்கிப் பாத்தாங்க. பச்சை டிக்கு வந்துது. போனாங்க.

மூணு நாளு தூக்கம் இல்ல. ஜோக்கு வரல. என் பொண்டாட்டியே, "இன்னாய்யா, உடம்பு சரியில்லையா, பேசாம கீற?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கற எடத்துல இசக்கியைத் தனியா கூப்ட்டேன். சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை டீ, பதினோரு பேரு, நெட்வொர்க் பொய், எல்லாம். நடுவுல ஒரு ஜோக்கு அடிக்கப் பாத்தேன், பாதியிலயே செத்துப்போச்சு. 'ஹோல்டு ராணி'ன்னு பேரு வெச்சதும் நான்தான்னேன். "அது தெரியும் சார்"ன்னுச்சு.

பையை ஒரு தோள்லேர்ந்து இன்னொரு தோளுக்கு மாத்திச்சு. பஸ்ஸு வந்து நின்னுது. எல்லாரும் ஏறிகினு இருந்தாங்க. திட்டிடும்னு நெனச்சேன். அழும்னு நெனச்சேன். அறைஞ்சாகூட பரவால்லன்னு நெனச்சேன்... மன்னிச்சுடும்னும், திருட்டுத்தனமா, கொஞ்சம் நெனச்சேன்.

"சந்தானம் சார்ட்ட சொல்லியாச்சா?"

"இல்லம்மா. இன்னும்..."

இன்னிக்கு வரைக்கும் சொல்லல. போட்டோவும் செவுத்துலதான் இருக்கு. தெனம் அதுக்கு முதுகைக் காட்டிகினு உக்காந்து சாப்பிடறேன். அதைக் கழட்ட எனக்குக் கை இருக்கு, நாக்கு இருக்கு, எது இல்லன்னு நீங்களே சொல்லுங்க.

பேச்சை மாத்தறதுக்கு, "இப்ப எல்லாம் சரியா இருக்கும்மா. எல்லார் பேரும் அதுல இருக்கு"ன்னேன்.

பஸ் படியில ஒரு காலை வெச்சது, திரும்பிடுச்சு.

"எல்லார் பேரும்னா? ஸ்டெல்லா அக்கா பேரு இருக்கா?"

கான்ட்ராக்ட்ல நம்பரைப் பதிஞ்சதோட சரி, என் ஃபில்டர்ல இருக்கற அந்தப் பன்னெண்டு பேரு வரிசையை நான் தொறக்கவே இல்ல. செவ்வாய், புதன், வியாழன்... மூணு நாளா அந்தம்மா மூணாம் மெஷின்ல நிக்கிறாங்க.

"இருக்...கும்"னேன்.

இசக்கி படியிலேர்ந்து எறங்கிச்சு. பஸ்ஸைப் போவச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டிச்சு. என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல, கேட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுது.

"நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன் சார். வந்து தொறந்து காட்டுங்க."